குதுப்மினாரில் ஒருவர் குறைவு

தில்லியைப் பார்க்க வருகிறவர்கள் பழைய கற்களைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் அவர்களைப் பார்த்து வாயைப் பிளப்பேன். பதினைந்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு. தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலா பஸ்களுக்கு உள்ளூர் வழிகாட்டி. அப்பா மத்திய அரசு குமாஸ்தாவாகக் கரோல் பாக்கில் வாடகைக்கு வந்து சேர்ந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, ஆட்டோக்காரர்களோடு சண்டை போடக் கற்றது எல்லாம் இங்கேதான்.

இந்தக் கூட்டத்தார் வடக்கே வரும்போது சமையல்காரரையும் கூடவே கூட்டி வருவார்கள். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பஸ்ஸின் வயிற்றில் கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, அண்டா, புளி எல்லாம் இருக்கும். ஹரித்வாரில் கங்கை எப்படி இருந்தது என்று கேளுங்கள், "அன்னிக்கு ரசம் பிரமாதம்" என்பார்கள். குதுப்மினாரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கோபுரம் இதைவிட அகலம்" என்று ஒருவராவது சொல்லாத நாள் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஐயா, கோபுரத்தைப் பார்க்கவா ரெண்டாயிரம் மைல் வந்தீர்கள்?

போன மார்ச்சில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. நாற்பத்திரண்டு பேர். கரோல் பாக்கில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். பஸ் கிளம்பும் முன் நான் தலை எண்ணுவேன். ஆனால் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர்தான் வாயைத் திறப்பார், அதுவும் வீட்டுக்காரர். "நாலு" என்பார் ஒருவர், "மூணு" என்பார் இன்னொருவர். நான் கூட்டிக்கொண்டே போவேன். வேலை ஜல்தி முடியும்.

மூன்றாவது வரிசையில் ஓய்வு பெற்ற ஒரு அதிகாரியும் அவர் மனைவியும். அவருக்கு எழுபது இருக்கும், அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து. ஜன்னல் இருக்கை அவருக்கு. கைச்செலவு, கண்ணாடி, மாத்திரை, இரண்டு பேருடைய செல்போன், எல்லாம் அவர் சட்டைப் பையில். அந்த அம்மா பேசி நான் கேட்டதில்லை. என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார்.

குதுப்மினாரில் பஸ் கிளம்பும்போது, "உங்க வீடு?" என்றேன். செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு" என்றார். நானும் கூட்டிக்கொண்டேன். நாற்பத்திரண்டு. கிளம்பலாம் என்று டிரைவரிடம் சொன்னேன். அந்த நாக்கை இன்றைக்கும் கடித்துக்கொள்கிறேன்.

இந்தியா கேட் பக்கத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, மாஸ்டர் காலையிலேயே கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு வாங்கினார். ஒன்றைப் பிரித்துக்கொண்டே மற்றதைப் பக்கவாட்டில் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

"அவ எங்க?"

அந்த அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. ஊரை விட்டு வந்ததே முதல் தடவை. அந்த அம்மாவின் போனுக்குப் போட்டேன். இவர் சட்டைப் பையிலேயே மணி அடித்தது.

கூட்டத்தை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நல்ல கோபம் எனக்கு. யார் மேல் என்று கேட்டால் பாதி என் மேல்தான், ஆனால் திட்ட வாய்த்தவர் அவர்தானே.

"பக்கத்துல ஆள் இருக்காங்களா இல்லையான்னு பாக்காமலா சார் ரெண்டுன்னு சொல்வீங்க?"

"நாப்பத்தி மூணு வருஷமா ரெண்டுதாம்மா" என்றார். "அவளுக்கு என்னைய விட்டா ஒண்ணும் தெரியாதும்மா. ரோடு கிராஸ் பண்ணத் தெரியாது. பயந்து எங்கயாவது உக்காந்து அழுதுட்டு இருப்பா."

குதுப்மினாரில் உள்ளேயும் வெளியேயும் தேடினோம். இரும்புத் தூண், புல்வெளி, கழிப்பறை, டிக்கெட் வரிசை. இல்லை. வாசலில் நின்ற பெண் போலீஸிடம் சொன்னேன். அவள் நல்லவள், உடனே வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தாள். என்ன நிறப் புடவை என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன்.

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். "சேலைதாம்மா... கட்டியிருந்தா" என்றார்.

நான் பஸ்ஸில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போன் போட்டேன். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. வாழைப்பட்டை நிறம், மெரூன் பார்டர், ரவிக்கையில் சின்னப் புள்ளி, காதில் ஏழு கல் தோடு, இடது காலில் லேசான நொண்டல், நேற்றைக்கு ஹரித்வாரில் வழுக்கி விழுந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "விழுந்தாளா?" என்றார் மெல்ல. அதற்கப்புறம் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. கல் மேடையில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐயோ பாவம், மனுஷன் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அலைந்த பிறகு மாஸ்டரிடமிருந்து போன். அவர் லாட்ஜ் மொட்டை மாடியில் ராத்திரிச் சமையலுக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மூணாவது வரிசை அம்மா இங்க வந்து எனக்கு பீன்ஸ் நறுக்கிக் கொடுத்துட்டு இருக்காங்களே, பஸ் வந்துருச்சா?"

கரோல் பாக்கில் ஆட்டோ நிற்கும் முன்பே அதிகாரி இறங்கிவிட்டார். மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறினார். அந்த அம்மா ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அழுத அடையாளம் எதுவும் இல்லை.

"எங்கட்டி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினார். கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது.

"நானா தொலைஞ்சேன்?" என்றார் அந்த அம்மா. அவர் குரலை அப்போதுதான் நான் முதலில் கேட்டேன். நல்ல கணீர் குரல். "செருப்பு வாரு அறுந்துட்டுன்னு குனிஞ்சு முடிச்சுப் போட்டேன். நிமிர்ந்து பாத்தா பஸ்ஸு போவுது. ஒரு மணி நேரம் அங்கனயே நின்னேன். திரும்பி வருவியன்னு பாத்தேன். வரல. பசி எடுத்துட்டு."

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கழுத்தில் தொங்கிய சுற்றுலா அட்டையில் லாட்ஜ் பெயர் இருந்தது. இடுப்புச் சுருக்குப் பையில் தன் தம்பி கொடுத்த பணம் இருந்தது, கணவருக்குத் தெரியாது. முதலில் ரோட்டோரத்தில் தண்ணீர் ஊற்றின பூரி, அதாவது பானிபூரி, சாப்பிட்டிருக்கிறார். "ஒவ்வொண்ணா கையில தாரான். ஆறு தின்னேன்." அப்புறம் ஒரு பெண்ணிடம் அட்டையைக் காட்டியிருக்கிறார். அவள் மெட்ரோவில் ஏற்றிவிட்டாள்.

"பாஷை?" என்று கேட்டேன்.

"நான் தமிழ்லதான் கேட்டேன். அவ ஹிந்தில சொன்னா. ரெண்டு பேருக்கும் வெளங்கிச்சு."

வண்டி மாற வேண்டிய இடத்தில் இவர் இறங்கவே இல்லை. முன்பெட்டி முழுக்கப் பெண்கள், குளுகுளுவென்று காற்று, ஜன்னல் பக்கம் இடம். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு அதே வண்டியில் திரும்பி வந்து, அப்புறம்தான் வண்டி மாறியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்த பஞ்சாபி அம்மாள் தோட்டைத் தொட்டுப் பார்த்து என்னவோ கேட்டாளாம், இவர் நகைக்கடை பெயரையே சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், மெட்ரோவில் இவ்வளவு சந்தோஷமாகப் போன ஆளை நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மாஸ்டர் வாய்விட்டே சிரித்தார்.

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிரே இன்னொரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "கால் வலிக்கா?" என்றார். அந்த அம்மா கத்தியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "இப்ப இல்ல" என்றார்.

நான் மறுநாளைக்கான திட்டத்தைச் சொன்னேன். காலை ஐந்து மணிக்கு ஆக்ரா பஸ், தாஜ் மஹால்.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றார் அந்த அம்மா, பீன்ஸைத் தட்டில் சரித்தபடி. "நான் நாளைக்கும் இந்த ஊர்ல தொலைஞ்சு பாக்கப் போறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நானும் கூட வரலாமான்னு கேளுங்கம்மா."

"நான் என்ன உங்க தூதா? எதிர்லயேதானே இருக்காங்க, நீங்களே கேளுங்க" என்றேன்.

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தே கேட்டார். "நானும் வரட்டா?"

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.