மாப்பிள்ளை போட்ட மார்க்

நான் நேரில் பார்த்த பனிக்கட்டியெல்லாம் கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக வரும் மீன் லாரியில் இருந்ததுதான். அதிலும் பாதி, தென்காசிக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீராகி ரோட்டில் ஒழுகிவிடும். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, பனித்தரையில் ஹாக்கி ஆடும் பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களில் எவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான், எவன் வரமாட்டான் என்று எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் தென்காசியில் ஓர் உரக்கடை மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வீடியோக்களை அனுப்பும். நாங்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். எவன் பந்தைப் பறித்தான், எவன் பறிகொடுத்தான் என்று குறிக்க வேண்டும். பந்து என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. அது இட்லி அளவில் கறுப்பாக இருக்கும் ரப்பர் வட்டு. கடைசியில் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டும்: வருவான், வரலாம், வரமாட்டான். கீழே கடையிலிருந்து பூச்சிமருந்து வாசம் ஏறி வரும்போது தீர்ப்புகள் கொஞ்சம் கடுமையாகிவிடும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய எல்லாக் குறிப்புகளிலும் ஒரே குறை இருந்தது. 'இந்தப் பையனுக்குத் தம் இல்லை. ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை, அதற்குள் வெளியே போய் உட்கார்ந்துவிட்டான்.' ஒருவனுக்கு எழுதினேன், அடுத்தவனுக்கும் எழுதினேன். ஒரு டீம் முழுவதற்கும் எழுதினேன். வளர்ந்த நாட்டுப் பிள்ளைகள், பாலும் வெண்ணெயும் தின்று வளர்ந்தவை, இப்படியா சோம்பேறிகளாக இருக்கும் என்று எனக்கு உண்மையாகவே எரிச்சலாக வந்தது. அங்கிருந்து பதில் வந்தது. அந்த ஆட்டமே அப்படித்தானாம். முக்கால் நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்து உட்கார வேண்டும், அடுத்தவன் உள்ளே போவான். கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்காரவைக்கப்பட்ட பையனை நான் 'மரியாதைக்குரியவன்' என்று எழுதியிருந்ததற்கும் விளக்கம் வந்தது. அவன் அடுத்தவன் பல்லைத் தட்டியதற்காக அங்கே உட்காரவைக்கப்பட்டவன்.

பிறகு தேறிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் 'வருவான்' என்று எழுதிய பையன்களில் சிலர் உண்மையாகவே வந்திருக்கிறார்கள். ஆனால் ஊரில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. டீக்கடையில் ஓர் அண்ணாச்சி, "ஐஸ்ல எதுக்குவே ஆடுதானுவ, அங்க தரையே கெடையாதா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

இந்த வேலையின் பெருமையை ஊருக்கெல்லாம் பரப்பியவர் என் மாமனார். அவருக்கு மேலகரத்தில் வீடு, கொஞ்சம் வயல், தென்னை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் வீட்டு மாடியை அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். எதைப் பேசினாலும் சண்டையாகவே பேசக்கூடியவர். மகன் ஆடும் கபடி ஆட்டங்களில் நடுவர்களோடு இவர் போட்ட சண்டையால், சில ஊர்களில் இவரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டுத்தான் விசில் ஊதுவார்கள். அவர் என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தும் விதம் இது: "நம்ம மாப்ள வெளிநாட்டு டீமுக்கு ஆள் எடுக்காரு." நான் ஆள் எடுக்கவில்லை, குறிப்புதான் எழுதுகிறேன் என்று சொன்னால், "சும்மா இருங்க மாப்ள, அடக்கம் வேண்டியதுதான், அதுக்காவ இப்பிடியா" என்பார். இதைக் கேட்டுவிட்டுக் கடையநல்லூரிலிருந்து ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பையன் கேரம் ஆடுவானாம்.

இதையெல்லாம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். வினை வந்தது என் மச்சினன் வழியாக.

அவனுக்கு இருபத்தொரு வயது. என் மனைவிக்கு ஒரே தம்பி. நல்ல உயரம், நல்ல தோள், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். போன வருடம் போலீஸ் தேர்வு எழுதினான், ஓடினான், கயிறு ஏறினான், எல்லாவற்றிலும் தேறிவிட்டான். ட்ரெயினிங்குக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த நேரத்தில்தான் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. சீசனுக்கு வராத ஆள் உண்டா? சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு கபடி பயிற்சியாளரும் வந்தார். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு, பக்கத்தில் நடந்த ஓர் ஆட்டத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். என் மச்சினனைக் கூப்பிட்டு, "எங்க முகாமுக்கு வந்து ஆறு மாசம் இரு தம்பி. தேறினா டிவியில வர்ற டீமுக்குக் கைகாட்டி விடறேன்" என்று சொல்லிவிட்டு, பரோட்டா சாப்பிடப் போய்விட்டார்.

அவர் போய்விட்டார். வீடு இரண்டாகிவிட்டது. ட்ரெயினிங் கடிதமும் வந்துவிட்டது, அதுவும் முகாமும் ஒரே மாதத்தில் தொடங்குவதாக இருந்தது. ஒன்றுக்குப் போனால் இன்னொன்று போய்விடும். மாமியார் போலீஸ் கட்சி. "அரசாங்க வேல வாசல்ல வந்து நிக்கி, சடுகுடுவுக்குப் போறானாம்" என்று காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் ஓடும். மாமனார் கபடிக் கட்சி. மச்சினன் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. முகாம் என்ற பேச்சு வரும்போது மட்டும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிடுவான். அதை நான் கவனித்திருந்தேன்.

ஒருநாள் மாமனாரே மாமியாரைப் பார்த்து முடிவு கட்டினார். "நீயும் சொல்லாண்டாம், நானும் சொல்லல. மாப்ள சொல்லட்டும். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் மார்க் போடுதாரு, நம்ம பையனுக்குப் போடமாட்டாரா?"

எனக்குக் கபடி பற்றி அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "ஐஸ் தெரிஞ்சா பாக்கீய?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நடந்த உபசாரத்தை நினைத்தால் இப்போதும் வாயில் நீர் ஊறுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் மாமியார் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருப்பார். ஈரலை என் இலையில் வைத்துக்கொண்டே, "போலீஸ்னா ஒரு மரியாததான மாப்ள" என்பார். சாயங்காலம் மாமனார் தானே பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடையிலிருந்து பரோட்டாவும் பொரித்த கோழியும் கட்டி வாங்கி வருவார். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "டிவில வந்தா நமக்கும் ஒரு பெருமதான மாப்ள" என்பார். நான் நடுநிலை தவறாமல் இரண்டையும் சாப்பிட்டேன்.

வேலை என்று வந்துவிட்டால் நான் வேலைதான். இரண்டு ஆட்டங்களைப் போனில் படம் பிடித்தேன். ஒன்று மேலகரத்தில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால். இன்னொன்று ஆலங்குளத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், சாரல் நின்ற ஒரு மத்தியானம். ஆலங்குளத்தில் நடந்தது கெட்டியான டீமோடு. இரண்டையும் ஆபீஸில் உட்கார்ந்து, ஐஸ் பையன்களைப் பார்ப்பது போலவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

மேலகரத்தில் அவன் ராஜா. கபடி பாடிப் போனால் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருவான், கூட்டம் விசிலடிக்கும். ஆலங்குளத்திலும் முதல் பாதி அப்படித்தான். இரண்டாம் பாதியில் அவன் தொட்டதே ஒருவரைத்தான். மற்ற எல்லாத் தடவையும் பிடிபட்டான். ஏன் என்று பார்த்தேன். பாய்வதற்கு முன்னால் அவன் கண் எந்த மூலையைப் பார்க்கிறதோ, கால் அதே மூலைக்குத்தான் போகிறது. ஒருமுறைகூட மாறவில்லை. எதிர் டீமில் குள்ளமாக ஒரு பையன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் மச்சினனின் காலைப் பார்க்கவே இல்லை, கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். இது பதினாறு வயதில் இருந்தால் திருத்தலாம். இருபத்தொரு வயதில், இத்தனை வருடம் ஆடிய பிறகும் இருந்தால், போகாது. முகம் தெரியாத எத்தனையோ பையன்களுக்கு இதே காரணத்தைச் சொல்லி 'வரமாட்டான்' என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுக் கீழே இறங்கிப் போய் வடை தின்றிருக்கிறேன்.

இந்த முறை வடை இறங்கவில்லை. நான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குள்ளப் பையன் பிடித்தான். அவன்மேல் எனக்குத் தாங்கமுடியாத கோபம் வந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள். "இன்னும் என்னத்தப் பாக்கீங்க?"

"அவன் வரமாட்டான்னு தோணுது."

மடித்த துணியைக் கட்டில்மேல் வைத்தாள். "அப்போ அதச் சொல்லுங்க. எழுதியெல்லாம் குடுக்காண்டாம். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு மேலகரத்தில் கூடினோம். மாடியில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர், அருவிக்குப் போவதற்காக உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு, இடுப்பில் துண்டோடு படியில் இறங்கினார். பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். எண்ணெய் சொட்டுகிறது, படி வழுக்கும் என்று மாமியார் ஜாடை காட்டியும் அவர் நகரவில்லை. குற்றாலத்துக்கு வந்தவர் இதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பார்.

நான் போனை எடுத்து, ஆலங்குளம் ஆட்டத்தின் இரண்டாம் பாதியைக் காட்டினேன். கண் எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று நிறுத்திக் காட்டினேன். பிறகு மச்சினனின் முகத்தைப் பார்த்தேன். "மாவட்டத்துல நீ பெரிய ஆள்டா. அதுக்கு மேல ஆடுறவங்க எல்லாரும் இந்தப் பையன மாதிரி இருப்பாங்க. அங்க உன்னால நிக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது" என்றேன்.

முதலில் வெடித்தவர் மாமியார். அவர் கட்சிதான் ஜெயித்திருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. "எம்பிள்ளைக்கு ஆட்டம் வராதுன்னு நீங்க எப்பிடிச் சொல்லலாம்? அந்தக் குள்ளப் பயதான் கள்ளத்தனமா நிக்கான். ஐஸ்ல வழுக்கி விழுதவனுக்கெல்லாம் மார்க் போடுதீய, எம்பிள்ள தரையில நிக்கான், அவனுக்கு மார்க் கெடையாதா?" என்று பிடித்துக்கொண்டார். எண்ணெய்ப் பெரியவர், "தம்பி ஒடம்பப் பாத்தா நல்லா ஆடுற பிள்ள மாதிரித்தான இருக்கு" என்று படியிலிருந்து ஒரு வார்த்தை போட்டார். என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அருவிக்குக் கிளம்பிவிட்டார்.

மச்சினன் போனை வாங்கி, அந்த இடத்தைத் தானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். "சரி அத்தான்" என்றான். மாமனார், "சாப்பாட்ட எடுத்து வைட்டி" என்று மகளிடம் சொன்னார். அன்று எனக்கு ரசம், அப்பளம். கோழி சமைத்திருந்த வாசம் வந்துகொண்டேதான் இருந்தது.

மச்சினன் ட்ரெயினிங்குக்குக் கிளம்பும் நாளில் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அதுவரை அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் அவன் முன்னால் போக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பெட்டியோடு நின்றோம்.

"என்மேல கோவமாடா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தான். நீங்க சொன்னதுக்காவ நான் போலீஸுக்குப் போறேன்னு நெனைக்காதீய. நீங்க சொன்னது மட்டும்னா, நான் முகாமுக்குத்தான் போயிருப்பேன். நீங்க ஐஸ் ஆட்டம் பாக்கிற ஆளு, உங்களுக்கு என்ன தெரியும்னு போயிருப்பேன்."

"பின்ன?"

அவன் கடைப்பக்கம் பார்த்தான். மாமனார் பாட்டிலைத் தொட்டுத் தொட்டுக் குளிர்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா அன்னைக்கு எவ்வளவு சண்ட போட்டா. அவளுக்குக் கபடில கோடு எங்க இருக்குன்னே தெரியாது. அப்பாக்கு எல்லாம் தெரியும். நான் தோத்த ஆட்டத்துக்கெல்லாம் அம்பயர்கிட்ட சண்டைக்குப் போற மனுசன், நீங்க சொன்னதுக்கு ஒரு வார்த்தகூட பேசலல்லா."

பஸ்காரர் ஹாரன் அடித்தார். அவன் பெட்டியைக் கையில் எடுத்தான். எடுத்தவன் மறுபடியும் கேட்டான்.

"அப்போ அப்பாக்கு முன்னாலயே தெரியும், என்ன அத்தான்?"

தெரியும். அத்தனை ஆட்டங்களையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது. மேலகரத்தில் கூடிய அன்று, நான் போனை எடுப்பதற்கு முன்னாலேயே அவர் முகத்தில் அது இருந்தது. ஆட்களைப் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில்.

"அவருக்குத் தெரியாதுடா. நான் காட்டின பிறகுதான் பார்த்தாரு" என்றேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, கடையிலிருந்து வந்த அப்பா நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.