கட்சிச் சேனலுக்குத் தனி ஸ்பீடு

உத்திரமேரூர் பஜாரில் ஒரு இன்டர்நெட் கம்பெனி. கம்ப்ளைன்ட் போனை எடுப்பதுதான் என் வேலை. தேர்தல் நேரத்தில் ஒருநாள் காலையிலிருந்து போன் ஓயவே இல்லை. எந்த வீடியோவும் ஓடவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். ஆளுங்கட்சியின் உள்ளூர்ச் சேனல் மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மானாம்பதி காலனியிலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டாள். அம்மா நடவு வேலைக்குப் போய் அவளை நர்சிங் படிக்கவைத்திருந்தார். அன்று அவளுக்குச் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றின் வீடியோ இன்டர்வியூ.

"அக்கா, அவங்க கேள்வி கேக்கறாங்க. என் மூஞ்சி அப்பிடியே நின்னுக்கினு கீதாம். இன்னா பண்றதுன்னே தெர்லக்கா."

ரூட்டரை ஆஃப் பண்ணிப் போடச் சொன்னேன். அதற்குள் எதிர்முனையில் கட் பண்ணிவிட்டார்கள்.

டெக்னீஷியன் குமாரிடம் கேட்டேன். எதிர்க்கட்சிக் கூட்டத்தை யாரும் லைவில் பார்க்கக் கூடாதென்று, வெளியிலிருந்து வரும் வீடியோ எல்லாவற்றுக்கும் ஓனர் ஸ்பீடைக் குறைக்கச் சொன்னாராம். ஓனர் ஆளுங்கட்சியில் பொறுப்பில் இருந்தவர்.

நேரே அவர் ரூமுக்குப் போனேன்.

"சார், ஒரு பொண்ணுக்கு வேலையே போச்சு."

"எலெக்‌ஷன் முடியட்டும்மா. நம்ம ஒயரு, நம்ம இஷ்டம். கேட்டா சர்வர் ப்ராப்ளம்னு சொல்லு."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் உள்ளதைச் சொன்னேன். எதிர்க்கட்சி வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தபோது அவள் அவருடைய வேனை மறித்து முறையிட்டாள். அவர் மைக்கைப் பிடித்தார். "இன்டர்நெட்டு எல்லாருக்கும் பொது! எந்த சைட்டையும் எவனும் ஸ்லோ பண்ண முடியாது. இது எங்க கட்சிக் கொள்கை!" அப்புறம் போன ஊரிலெல்லாம் அவள் கதையைத்தான் பேசினார்.

அவர் ஜெயித்தார். ஆட்சியும் மாறியது. ஓனரும் கட்சி மாறினார். பழைய செட்டிங்கை எடுக்கப்போன குமாரிடம், "அது இருக்கட்டும், சேனலை மட்டும் மாத்து" என்றார்.

ஸ்டெல்லாவோடு நானும் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனேன். உதவியாளர் தன் செல்போனை நீட்டிக் காட்டினார்.

"நல்லாத்தானம்மா ஓடுது? உனக்கு இன்னா பேஜாரு?"

"ஓடறது உங்க சேனலுண்ணா. எனக்கு இன்டர்வியூதான ஓடணும்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஆஸ்பத்திரி அவளை மறுபடி அழைக்கவில்லை. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கட்சியின் இணையக் கொள்கையைத் தேர்தல் அறிக்கையில் தேடாதீர்கள். அவர்கள் ஜெயித்த பிறகு, அவர்களைத் திட்டுகிற வீடியோ உங்கள் ஊரில் ஓடுகிறதா என்று பாருங்கள். நான் இருந்தவரை, இரண்டு ஆட்சியிலும், ஓடவில்லை.