அண்டாவில் நீந்திய கரண்டி

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கும் செல்லக்கனிக்கு, ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். உடன்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் கடைத் தராசைக் கழற்றிப் போட்டு, மாமனார் சாப்பிட்டு வருவதற்குள் திரும்பப் பூட்டி வைத்தவள். குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று அவளிடம் கேட்டால் அரை மணி நேரம் போய்விடும். ஐம்பது வயதாகியும் அந்தக் குணம் குறையவில்லை.

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டு, சாயங்காலம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனாள். அலை அடங்கிக் கிடந்தது. தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்திருந்த கப்பல்கள் அசையவே இல்லை. கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கொட்டியிருந்த பாறைகளின் நுனியில் ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். முள்ளில் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மீன் தொங்கியது.

செல்லக்கனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறை பாறையாகத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னண்ணே, இதையா மீன் திங்கும்?"

"துன்னாது. கடிக்கும். லூருன்னு சொல்லுவாங்க."

அவர் தாமோதரன், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். படகு பெயின்ட் அடிக்கக் கரையேறியிருந்ததால் தினமும் இங்கே வந்துவிடுகிறார். வலையில் டன் கணக்கில் மீன் அள்ளுகிறவர் ஒற்றை மீனுக்காக நிற்பதைப் பார்த்து அவர் ஆட்களே சிரிக்கிறார்களாம்.

"அது இரை இல்லன்னு மீனுக்குத் தெரியாதா?"

"அத்த மீனாண்டதான் கேக்கணும். தண்ணில இது ஆடுற ஆட்டத்தப் பாத்துதான் வருதுக்கா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் மீன் பாறை இடுக்கில் மாட்டி, தூண்டில் நரம்பு அறுந்தது. கையில் வேறு லூர் இல்லை. தாமோதரன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். செல்லக்கனிக்கு அந்த ஆட்டம் மனதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் கடையில் இருப்பதிலேயே பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பினாள். எதிர்ப்பக்கத்து லேத்துப் பட்டறையில் கரண்டிகளின் காம்பை அறுத்து, ஓட்டை போட்டு வாங்கி, நூலில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துப் பார்த்தாள். குழம்புக் கரண்டி கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. டீ ஸ்பூன் சுற்றிச் சுற்றி நூலை முறுக்கியது. பாத்திரம் வாங்க வந்தவர்கள் குனிந்து பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

புதன்கிழமை அவள் கணவர் சிவந்தி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "விக்கப் போட்ட அண்டாவுல என்ன வெளையாட்டு?"

"ஒழுகுதான்னு பாக்கேன்."

"மூணு நாளாவா?"

வியாழக்கிழமை, பாயசக் கரண்டி ஒன்றைச் சுத்தியலால் தட்டி லேசாக வளைத்தபோது, அது அடிபட்ட மீன்போல இடமும் வலமும் நெளிந்து மின்னியது. சிவந்தியும் எழுந்து வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு தாமோதரன் அந்தக் கரண்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாயசம் துன்ன எத்தாந்தியாக்கா?" என்றாலும், அதில் முள்ளை மாட்டி, நரம்பு அறுபடாமல் இருக்க முன்னால் மெல்லிய கம்பியும் கட்டினார். "நீயே வீசு."

முதல் இரண்டு வீச்சு காலடியிலேயே விழுந்தது. போகப் போகக் கை பழகியது. ஐந்தாவது வீச்சில் கரண்டிக்குப் பின்னால் முழ நீளத்துக்கு மேல் ஒரு நிழல் வந்தது. பாறை வரைக்கும் கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

"மீனு பாத்துட்டுப் போயிட்டே. ஏன்?"

"தெர்லக்கா."

செல்லக்கனி யோசித்தாள். அடிபட்ட மீன் ஒரே சீராகவா நீந்தும்? அடுத்த முறை பாதியில் சட்டென்று இழுப்பதை நிறுத்தினாள். கரண்டி மினுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. நரம்பு வெடுக்கென்று விறைத்து, தூண்டில் கோல் வளைந்தது.

"விடாத. கோல மேல தூக்கு. மெதுவா சுத்து."

மேலே வந்தது இரண்டடி சீலா மீன். வாய் நிறைய ஊசிப்பல். தாமோதரன் சுத்தம் செய்யக் கத்தியை எடுத்ததும் அவள் குனிந்தாள். "வயித்தக் கிழிங்கண்ணே, என்ன தின்னிருக்குன்னு பாப்போம்."

உள்ளே நெத்திலி. செரிக்காதவற்றைப் பாறைமேல் வரிசையாக வைத்தாள், இருபத்து மூன்று. அந்த வயிற்றில் இன்னொன்று நுழைய இடம் இருந்திருக்காது.

"இதுக்குப் பசியே இல்லியேண்ணே."

"இத்தன வருசமா குடல வழிச்சிப் போட்டுகினுதான் கீறேன். உள்ள இன்னா கீதுன்னு நின்னு பாத்ததில்ல."

"அப்ப கரண்டிய ஏன் கடிச்சிது?"

தாமோதரன் கத்தியைக் கடல் தண்ணீரில் அலசினார். "அதுக்குக் கையா கீது? இது இன்னான்னு தெரிஞ்சிக்கணும்னா வாயிலதான் கவ்வணும்."

செல்லக்கனி அந்தச் செத்த மீனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கரண்டியைத் துடைத்து, மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்ததால், இந்த முறை இன்னும் தள்ளி வீசினாள்.