சேறு பட்ட கால்

எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நான் வேட்பாளரின் காலைப் பார்த்து ஓட்டுப் போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர். இரண்டு வேட்பாளர்களும் ஒரே சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். முதலில் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய். தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. "நம்ம வாய்க்கால் மதகுல ஷட்டர் துருப்பிடிச்சு மேலேயே நிக்குது. அறுப்பு நேரத்துல தண்ணிய நிறுத்த முடியாதுங்க. முதல் வேலையா அதை மாத்தணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

"பாய்க்குப் பருப்பு விலை தெரியும், பயிரைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் பக்கத்தில் நின்றவர். நானும் தலையாட்டினேன். என் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்கு எடுத்து ஆறு வருஷமாகச் சம்பா போடுபவர் அதே பாய்தான். வரப்பில் உட்கார்ந்து அவர் பிளாஸ்க் டீயைக் குடித்தவன் நான். அப்படியும் தலை ஆடியது.

அடுத்தவர், ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் குடியிருப்பவர். காரிலிருந்து இறங்கினார். பச்சைத் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கால் வரை சேறு. காருக்குள் சேறு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "நானும் உங்கள மாதிரி சேத்துல கால் வெச்சவன்! அறுப்புக்கு முதல் நாள் வரைக்கும் உங்க வயல்ல தண்ணி நிக்கும். இது சத்தியம்!" என்றார்.

அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே வயலை வடிய விட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரு முழுக்க விவசாயிகள். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது.

அவர் ஜெயித்தார். ஷட்டரை மறந்தார். ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. தை மாதம் மேலே உள்ள ஊர்களுக்கு விட்ட தண்ணீர் மூடாத மதகு வழியாக இறங்கி, என் மூன்று மா வயலில் கெண்டைக்கால் ஆழத்துக்கு நின்றது. அறுப்பு மெஷின்காரர் ரோட்டிலேயே நின்று கையை விரித்தார். சாய்ந்த கதிர் தண்ணீரில் முளைவிட ஆரம்பித்திருந்தது. திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்து வயலிலும் அதே தண்ணீர். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருக்கரிவாளால் கதிரைப் பிடி பிடியாக அறுத்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேலே சேறு. என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்க வாங்க. இப்பப் பாத்து சொல்லுங்க, விவசாயி மாதிரி இருக்கேனா?"