டிஸ்கோ சாமி போட்ட பேர்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். 1984, ஆடி மாதம், சனிக்கிழமை, உச்சி வேளை. சிம்மக்கல்லில் ஒரு கேசட் கடை மாடியில் இது நடந்தது நடந்ததுதான்.

மொக்கைச்சாமிக்கு அப்போது மேடைப் பேர் 'டிஸ்கோ சாமி'. சொந்தப் பேரை மதுரையில் ஒருவருக்கும் அவன் சொன்னதில்லை. குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கூலிங் கிளாஸ் இருந்தது. இந்த முதல் கேசட் ஓடாவிட்டால் மேலூருக்குத் திரும்பி அப்பனோடு கல்லுடைக்க வேண்டியதுதான். கேசட்டுக்காக ஒரு பழைய நாடகப் பாட்டைப் பிடித்திருந்தான். பக்கத்துப் பரவை ஊரில் பாண்டியம்மாள் என்பவளிடம் வாங்கிய கிராமபோன் பிளேட்டு, லேபிள் தேய்ந்திருந்தது. கடைசி அடியில் “ராமக்காளே” என்று வரும். பாடினவள் தன் பேரைத் தானே போட்டுக்கொண்டாள் என்று இவனாகவே முடிவு கட்டினான். நாடகக்காரர்கள் அப்படிப் போடுவதுண்டு.

“கெழவி பேரு எதுக்குண்ணே? எம்பேரைப் போட்டுக்கிறேன்” என்றான், பதிவு செய்யும் கருத்தக்கண்ணனிடம். அம்புட்டு அழகான மெட்டை டிஸ்கோ தாளத்தில் போட்டு மிதித்தான்.

மணி 12.10. ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடினான். போட்டுக் கேட்டார்கள். “டிஸ்கோ சாமியே” முடிந்ததும்... “ம்ம்ம்...” என்று ஒரு பெண் குரல்.

தெருச் சத்தம் என்றார் கருத்தக்கண்ணன். ஆனால் ஜன்னல்களில் மெத்தை அடைத்திருந்தது.

12.25. மறுபடி பாடினான். இப்போது நாலைந்து பெண்கள். கூடவே... தப்... தப்... மாரில் அடிக்கிற சத்தம்.

“பழைய கேசட்டாண்ணே?”

“புதுசுடா. நீதான பிரிச்ச.”

12.40. இந்தத் தடவை பேரே போடாமல் நிறுத்திக்கொண்டான். போட்டுக் கேட்டார்கள்.

அவன் குரல் நின்றது.

தப்... தப்...

பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்து...

“மொக்கைச்சாமியே...”

கருத்தக்கண்ணன் நிமிர்ந்தார். “அது யாருடா?”

மூன்று மணிக்கு அவன் பரவையில் பாண்டியம்மாள் வீட்டு வாசலில் நின்றான். கூலிங் கிளாஸ் எங்கோ விழுந்திருந்தது. பாண்டியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்து, போட்டிருப்பது சட்டையா பந்தல் துணியா என்று கேட்டாள். பிறகு, அவன் சொன்னதைக் கேட்டாள்.

“பாடுனது எங்கம்மா முருகம்மா. ராமக்கா எங்க அக்கா. அது எழவுப் பாட்டு. யாரு செத்தாகளோ அவுக பேரைத்தான் போடணும். பிளேட்டுல பாடுறதுக்கு மொத நாளுதான் எங்கக்கா போனா.”

“உசுரோட இருக்கிறவன் பேரைப் போட்டா?”

அவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, இழவு கேட்டவள் மாதிரி, தலையோடு ஊற்றிக்கொண்டாள்.