தாகப் பாட்டு

ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் என் தங்கையின் பேச்சு. சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையை இந்தக் கோலத்தில்தான் பார்க்கலாம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன டீ, அதில் ஏடு. "காஸ் தீர்ந்துபோச்சுங்க" என்பாள் அவள். "ம்" என்பார். "திங்கக்கெழம ஸ்கூலுக்கு நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க." "ம்." அந்த 'ம்' பாட்டுக்கா பெண்டாட்டிக்கா என்பது பத்து வருஷமாக யாருக்கும் தெரியாது. கேட்டால் கோபம் வேறு வரும். "ரெண்டும் கேக்குது மச்சான். ஒரு காது எப்பவும் தொறந்திருக்கணும். ரெண்டையும் மூடிட்டா அப்புறம் என்ன டிஜே? சமையக்காரன் மூக்கப் பொத்திக்கிட்டு சமைக்கிற மாதிரி."

என் தங்கையின் கணவர், இரவு விடுதியில் பாட்டுப் போடுபவர். அதே விடுதியில் விளக்குப் போடுபவன் நான். இவரை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவன் என்று என்னைச் சொல்லலாம். இவர் என்ன செய்தாலும் முதலில் என் சட்டையைத்தான் பிடிக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் ஒன்றுகூடினால் போதும், "குடுத்து வச்ச மனுஷன்ப்பா, பிடிச்ச பாட்ட போட்டுக்கிட்டே சம்பளம் வாங்கறாரு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். பிடித்த பாட்டாம்! அவர் நிற்கிற மேடைக்குள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பாட்டைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்கு நேர் மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் கறுப்பு டேப்பில் ஒட்டியிருக்கும். அதில் நாற்பது பாட்டு. எத்தனை மணிக்கு எது என்பதுவரை முதலாளியே எழுதிவிட்டார். கீழே சிவப்பு மையில், போடக் கூடாதவை. புல்லாங்குழல் வருகிற பாட்டு கூடாது, முதலாளிக்குத் தூக்கம் வருமாம். அழுகிற பாட்டு கூடாது. முதலாளியின் மச்சினன் பிறந்தநாளுக்குப் போட்டபோது கரண்ட் போன பாட்டு கூடவே கூடாது, ராசியில்லையாம். லேப்டாப்பில் பதினோராயிரம் பாட்டு வைத்திருக்கும் மனுஷர் நாற்பதையே சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மிச்சத்தை வருகிற ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். போனில் பாட்டின் பெயரை அடித்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, நேராகக் கண்ணுக்குள் நீட்டுவார்கள். ஒருவன் வந்து ஒரு பாட்டைக் கேட்டான். "தம்பி, இப்ப ஓடறதே அதுதான்" என்றார் இவர். "அப்ப இன்னொரு தடவ போடுங்கண்ணே" என்று அங்கேயே நின்றான். யார் எதைக் கேட்டாலும் மாப்பிள்ளையிடம் ஒரே பதில் உண்டு: "லிஸ்ட்ல இருக்கு, வரும்." வீட்டில் மகள் புது சைக்கிள் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார். சரி, காரிலாவது தன் இஷ்டத்துக்குக் கேட்கலாம் என்றால் அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஒன்பது வயது மகள் முன்சீட்டில் உட்கார்ந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள். "உன் பாட்டு வேணாம்ப்பா. வேலைக்குப் போற மாதிரி இருக்கு."

இத்தனைக்கும் நடுவே அவருக்கென்று ஒரே ஒரு சந்து விட்டுவைத்திருந்தார்கள். ஜனங்கள் ஆடிக்கொண்டே இருந்தால் விடுதிக்கு என்ன லாபம்? ஆடுகிறவன் குடிக்க மாட்டான். அதனால் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பார் மேனேஜர் ஒரு காலி கிளாஸைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். உடனே மாப்பிள்ளை, யாருக்கும் தெரியாத, ஆடவும் வராத ஒரு பாட்டைப் போட வேண்டும். நான் ஆடுகிற ஃப்ளோரின் விளக்கை மங்கவிட்டு, பார் பக்கம் மஞ்சள் விளக்கை ஏற்ற வேண்டும். அவர் பாட்டால் தள்ளுவார், நான் விளக்கால் இழுப்பேன். கூட்டம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாருக்குப் போகும். எங்கள் பாஷையில் அதற்குத் தாகப் பாட்டு என்று பெயர். கூட்டம் கலைந்தால் சரி, எந்தப் பாட்டு என்று யாரும் கேட்பதில்லை. லிஸ்டில் அந்த இடங்களில் மட்டும் வெறும் கோடு இருக்கும். ராத்திரிக்கு நாலு கோடு.

"அந்தக் கோடு என்னுது மச்சான்" என்பார். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், எங்கோ நாலு வீடு வாங்கிப் போட்டவர் மாதிரி இருக்கும். வாரம் முழுக்க ஒற்றைக் காதில் அவர் தேடுவதெல்லாம் அந்த நாலு கோட்டுக்குத்தான். நூறு பாட்டைக் கேட்டு ஒன்றை எடுப்பார். யாருக்காக? எழுந்து போகிறவர்களுக்காக! எல்லாரும் கைகழுவப் போன பிறகு நல்ல பதார்த்தமாகப் பார்த்துப் பரிமாறுகிறவரை என்னவென்று சொல்வது? கேட்டே விட்டேன்.

"எல்லாரும் போக மாட்டாங்க மச்சான். ரெண்டு பேரு நிப்பாங்க. போலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே கேப்பாங்க. அந்த ரெண்டு பேரு மூஞ்சிய நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் எங்கே பார்ப்பது? அந்த நேரம் நான் பார் பக்கம் விளக்கைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

வேலையில்தான் இப்படி என்றால் வீட்டில் அதற்கு மேல். போன வருஷம் அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் கெட்டுப்போய், சுற்றும்போது உள்ளே 'டக்... டடக்... டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. சாதாரண மனுஷர் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். இவர் மைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். "தாளம் தப்பாம அடிக்குது மச்சான். ரிப்பேர் பண்ணா போயிடும்." அந்தச் சத்தத்தை வைத்துச் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டப் போகிறாராம். எட்டு மாதம்! அந்த மெஷினில் போட்ட துணியெல்லாம் கிழிந்து வந்தது. நாலு துண்டு, ஒரு போர்வை, மகளின் யூனிஃபார்ம் இரண்டு. பிறகு என் தங்கை எல்லாவற்றையும் கையால் துவைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, நீயே வந்து கேளு" என்று ஒருநாள் போனில் அழாத குறையாகச் சொன்னாள். "மெக்கானிக் வாசல் வரைக்கும் வந்துட்டாரு. 'பாட்டு இன்னும் முடியல, அப்புறம் வாங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு இவரு."

போய்க் கத்தினேன். "இன்னும் ஒரே ஒரு சத்தம் மச்சான். சுத்தி முடிச்சு நிக்கும்போது 'ஊ'ன்னு ஒண்ணு இழுக்குமே, அது சரியா விழல" என்றார். மெஷின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஜென்மமோ என்று வந்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. "நாப்பது பாட்டு லிஸ்ட்தானே? போன்ல ஏத்தி விட்டா அதுவே பாடிட்டுப் போகுது. ஆள் எதுக்கு?" மேனேஜர்தான் தடுத்தார். "கூட்டத்த பாத்து தாகப் பாட்டு போடணும் சார். அது போனுக்குத் தெரியாது." ஆக, இவர் வேலை தொங்கிக்கொண்டிருந்தது அந்த நாலு கோட்டில்தான். வேலைக்குப் போகும் வழியில் நான் காரை ஓரமாக நிறுத்தி வைத்துச் சொன்னேன். "மாப்பிள்ளை, கோடு உங்களுதாவே இருக்கட்டும். ஆனா கூட்டம் கலையணும். கலையலன்னா நீங்க வீட்டுக்கு. கூட்டிட்டு வந்த பாவத்துக்கு நானும் உங்க பின்னாடியே." "ம்" என்றார். ஹெட்போன் போட்டிருந்தார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை முதலாளியே நாலு விருந்தாளிகளோடு வந்து மூலை சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஃப்ளோரில் நிற்க இடமில்லை. இரண்டாவது கோடு வந்தது. மேனேஜர் காலி கிளாஸைத் தூக்கினார். நான் மஞ்சள் விளக்கில் கையை வைத்தேன்.

டக்... டடக்... டக்.

என் தங்கை வீட்டுப் பின்கட்டில் எட்டு மாதம் கேட்ட அதே சத்தம், ஆளுயர ஸ்பீக்கரில். பாவி மனுஷர், முதலாளி உட்கார்ந்திருக்கும் நாளாகப் பார்த்தா போடுவார்! கூட்டம் நின்றது, ஒருவரை ஒருவர் பார்த்தது, பாதிப் பேர் பார் பக்கம் திரும்பினார்கள். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் அடியில் அந்த 'ஊ' வந்தது. மெஷின் நிற்கும்போது வரும் இழுப்பை நீட்டி, வளைத்து, ராகமாக்கி வைத்திருந்தார். ஆபீஸ் உடையோடு வந்திருந்த ஒரு பெண் பாருக்குக் கிட்டேயே போய்விட்டாள். அங்கே நின்றாள். கைப்பையை ஒரு மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தாள். அவள் பின்னால் நாலு பேர். அப்புறம் மொத்தக் கூட்டமும். பாதி குடித்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்களையும் பார்த்தேன். மேனேஜர் இரண்டு கையிலும் இரண்டு கிளாஸைத் தூக்கி ஆட்டினார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. திறந்த காதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. யாரும் பார்க்க வேண்டாம் என்று மேடை விளக்கை வேறு பக்கம் திருப்பினேன். மஞ்சள் விளக்கை நான் ஏற்றவே இல்லை என்பதும், என் காலும் தாளம் தட்டிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கக்கேடு!

பாட்டு முடிந்ததும் மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதான் தப்பு! ஆறு நிமிஷம் ஒருத்தன் என் பக்கம் வரல. எடுத்து வச்ச ஐஸெல்லாம் தண்ணியாப் போச்சு. தாகப் பாட்டுன்னா தாகம் எடுக்க வேணாமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன, கை சுளுக்கா?" என்றார். தங்கையிடம் என்ன சொல்வது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் முதலாளி கூப்பிட்டனுப்பிக் கேட்டது வேறு.

"இது யாரு பாட்டு?"

"என்னுது சார்."

"போன்ல தேடினா கிடைக்குமா?"

"கிடைக்காது சார்."

"அப்ப நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. ராத்திரிக்கு மூணு தடவ போடு. லிஸ்ட்ல ஏத்திக்கோ."

போனை வைத்துப் பாட்டுப் போடும் பேச்சு அன்றோடு நின்றது. வேலை நிலைத்தது. திங்கட்கிழமை மெக்கானிக் வந்து மெஷினைச் சரிசெய்தார். இதோடு நின்றிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தால் என்ன, தினமும் மூன்று வேளை ஊட்டினால் திகட்டாதா? இரண்டே மாதம். முதல் 'டக்' விழுந்ததும், "ஐயோ, மறுபடியும் இதா" என்று கூட்டம் தானாகவே பார் பக்கம் நடக்க ஆரம்பித்தது. மேனேஜருக்குக் கண் திறந்தது. முதலாளியிடம் பேசி, லிஸ்டைப் புதிதாக அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தானே வந்து ஒட்டினார். நாலு கோடும் காணோம். நாலு இடத்திலும் 'வாஷிங் மெஷின்' என்று அச்சடித்திருந்தது.

"இத மாதிரி தாகப் பாட்டு வராது தலைவா" என்று மாப்பிள்ளையின் தோளில் தட்டினார். "ஒரு டக்குக்கே மொத்தக் கூட்டமும் என்கிட்ட வந்துடுது. இனிமே நீங்க மெனக்கெட்டுத் தேட வேணாம். உங்களுக்கும் வேல மிச்சம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது இவர் மேல்தான். "மாப்பிள்ளை, வேலை போகல. மெஷின் சரியாச்சு. உங்க சொந்தப் பாட்ட தினமும் நாலு தடவ போடறாங்க. ஊர்ல எந்த டிஜேவுக்கு இது கிடைக்கும்? இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"பாட்டு என்னுதுதான் மச்சான்" என்றார். "என் கோடு எங்க?"

எதையோ சொல்லித் திட்டிவிட்டு வந்தேன். போன வாரம் தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. சனிக்கெழம ஹெட்போனத் தொடவே மாட்டேங்கறாரு. கூப்பிட்டா ஒடனே 'என்ன'ன்னு கேக்கறாரு. காஸ் தீர்ந்துச்சுன்னு சொன்னேன், எழுந்து போய் வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்குப் பயமா இருக்கு."

நேற்று சனிக்கிழமை. இரண்டாவது இடத்தில் கிளாஸ் உயர்ந்தது. மாப்பிள்ளை லிஸ்டைக்கூடப் பார்க்காமல் பட்டனைத் தட்டினார். டக்... டடக்... டக். கூட்டம் கலைந்தது. ஒருவர்கூட நிற்கவில்லை. நான் மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு, காலி ஃப்ளோரைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் பக்கம் திரும்பினேன். மனுஷர் லேப்டாப்பில் அந்தப் பதினோராயிரத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒன்றில் நின்றார். ஸ்பீக்கருக்குப் போகாமல் ஹெட்போனுக்கு மட்டும் போகும்படி அதை ஓடவிட்டார். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். 'ம்' வரவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகவே கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் தள்ளி வைத்திருந்த ஹெட்போனின் மறுபக்கத்தையும் இழுத்து, திறந்திருந்த காதை மூடிக்கொண்டார்.