கனகாவும் பத்து மணி வெயிலும்

செவ்வாய்க்கிழமை காலை, பொன்னேரியில் நான் வேலை செய்யும் ஸ்டுடியோவில் ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது தேசம்மாள் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "யம்மா சுமதி, நம்ம கனகா பூட்டாம்மா" என்றார். இரண்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவள். இப்படி ஒரு போன் வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. திரையில் மணப்பெண்ணுக்கு யாரோ திரும்பத் திரும்பப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தக்கூட எனக்குக் கை வரவில்லை.

கனகாவை லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணாக அறிந்தவர்கள் இருக்கிறீர்கள். ஸ்டுடியோவில் பக்கத்து நாற்காலியில் அறிந்தவர்கள் இருக்கிறீர்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே இசை ஆல்பம் வழியாக, முகம் பார்க்காமலே அறிந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் முதலாளி ஒரு நலங்கு வீடியோவைக் கொடுத்துப் பாட்டுச் சேர்க்கச் சொன்னார். அவள் பாட்டே சேர்க்கவில்லை. வளையல் சத்தத்தையும் பெண்கள் கேலி பேசிச் சிரிப்பதையும் அப்படியே விட்டு, அடியில் கீபோர்டில் ஒரே ஒரு சுரத்தை மெல்ல ஓடவிட்டிருந்தாள். "பாட்டு எங்கம்மா?" என்று முதலாளி சத்தம் போட்டார். "அவங்க சிரிக்கறதே பாட்டாத்தான் கீது சார். அதும்மேல இன்னொரு பாட்டு இன்னாத்துக்கு?" என்றாள். மாற்றச் சொன்னார், மாற்றிக் கொடுத்தாள். ஆனால் முதலில் செய்ததைப் பத்திரமாக வைத்திருந்து, மதியம் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். எங்கள் இசை அப்படித்தான் தொடங்கியது. அவளிடம் கீபோர்டு இருந்தது. எனக்குக் கணினியில் ஒலிகளை அடுக்கத் தெரியும். இரண்டு பேருக்கும் டிபன் பாக்ஸை மூடிய பிறகு இருபது நிமிடம் மிச்சமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போவேன். வலையின் ஈயக் குண்டுகள் ஃபைபர் படகில் விழும் சத்தத்தைத் தாளமாக்கினோம். தார்ப்பாயில் கருவாட்டைப் புரட்டும் சத்தம், ஏலம் விடுகிறவரின் குரலை வார்த்தை கரையும்வரை இழுத்து நீட்டியது, இவற்றின் மேல் அவளுடைய கீபோர்டு. எல்லாமே மெதுவாக, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பாள். கடலலையைப் பதிவுசெய்ய மட்டும் விடவில்லை. "குப்பத்தில் செய்கிற ஆல்பத்தில் கடல் இல்லாமல் எப்படி?" என்று கேட்டேன். "வேணாம்டி" என்றாள். காரணம் சொல்லவில்லை.

நான் அவளுக்குத் தெரியாமல் பதிவுசெய்து, மூன்றாவது இசைத் துண்டின் அடியில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சேர்த்துவிட்டேன். கேட்ட ஒரு நிமிடத்துக்குள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவளுடைய அண்ணன் மனைவியான தேசம்மாள் அண்ணிதான் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "முகத்துவாரத்தாண்ட எங்க வூட்டுக்காரரு படகு கவுந்துச்சும்மா. மத்த படகெல்லாம் பத்து மணிக்கு வந்துட்ச்சு. இவளும் இவ நைனாவும் கரையிலயே நின்னாங்க. மூணாம் நாளுதான் கெடச்சாரு." கனகாவுக்குக் கீபோர்டு வாங்கித் தந்தவர் அந்த அண்ணன்தான். அவர் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் பாட்டுப் போட்டதில்லை. அவள் ஹெட்போனில்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"எனக்குக் கடல் மேல கோவம் ஒண்ணியும் இல்லடி. அது எப்பவும் கேட்டுக்கினுதான் கீது. காலைல பத்து மணிக்கு எல்லா படகும் கரைக்கு வந்துடும் பாரு, வலைய ஒதறுவாங்க, வெயிலு சுள்ளுனு ஒறைக்கும். அப்போ யாரையும் தேட வேணாம். யாரு எங்க கீறாங்கனு கண்ணாலயே பாக்கலாம். அந்த நேரத்ததான் நான் வாசிக்கறேன். அதுல போயி அலை சத்தத்த வுட்டியே."

அலையை அழித்தேன். ஆல்பத்துக்குப் 'பத்து மணி வெயில்' என்று பெயர் வைத்தோம். எட்டுத் துண்டுகள்.

இணையத்தில் போட்டபோது எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். விடுமுறையில் மணலில் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கிறதாம். அதைப் படித்து நான் பொருமினேன். "நாம் என்ன செய்தோம் என்று இவர்களுக்குத் தெரியுமா?" என்றேன். அவளோ முகம் மலர்ந்து திரும்பத் திரும்பப் படித்தாள். "அவங்களுக்கு லீவாவே இருக்கட்டுமே. யாரும் காணாம போவாத ஒரு பகலு. வேற இன்னா வேணும்?"

அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயந்தாள். ஒரு நாள் அவர் வாசலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் போனைப் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டாள். நானும் அங்கே இருந்தேன். அண்ணி தலை நிமிரவில்லை. எட்டுத் துண்டும் முடியும்வரை கை மட்டும் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தது. முடிந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா போடு" என்றார். கனகா வீட்டுக்குள் போய்விட்டாள். நான்தான் போட்டேன்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் ஆபரேஷன் செய்ததிலிருந்து அந்தக் கை விரல்கள் மரத்துப்போயின. அதற்காக அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. வலது கையால் மட்டும் வாசித்துப் பதிவுசெய்து எனக்கு அனுப்புவாள். "எடது கை உன்னுது. மெதுவா கத்துக்க. ஆனா உட்டுடாத" என்பாள். எனக்கு எங்கே வரும் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். அவள் இருந்தவரை ஒன்றைக்கூட வாசித்துக் காட்டவில்லை. இனி அதைச் சரிசெய்ய முடியாது.

என்னிடம் இருப்பவை அப்படிப்பட்ட நான்கு துண்டுகளும், அவற்றில் எனக்காக அவள் விட்டுவைத்த இடமும். காரியம் முடிந்த மறுநாள் முதல் துண்டைத் திறந்து, கீபோர்டில் இடது கையை வைத்தேன். அவளுடைய கை எங்கும் அவசரப்படாமல், பக்கத்தில் யாரோ உடன் வாசிப்பதுபோலவே போகிறது. நான்கு முறை தடுமாறினேன். ஐந்தாம் முறை பாதி தூரம் சேர்ந்து போக முடிந்தது. மீதியைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.